வியாழக்கிழமை யாருக்கு? - ஒரு சின்னப் படமும் நியூயார்க் விவாகரத்துச் சட்டத்தின் கதையும்

(முன்னெச்சரிக்கை: படத்தின் கதை முழுவதும் கீழே வருகிறது. பார்க்க நினைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

வாரத்தில் ஏழு நாட்கள். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை. 2005ல் வெளிவந்த "தி ஸ்குவிட் அண்ட் த வேல்" (கணவாயும் திமிங்கலமும்) என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது.

கதை நடப்பது 1986ல். இடம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க் ஸ்லோப். அப்பா பெர்னார்ட் பெர்க்மன் ஒரு காலத்தில் பேசப்பட்ட நாவலாசிரியர். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறார், அவருடைய புதுப் புத்தகத்தைப் போட ஆள் கிடைக்கவில்லை. அம்மா ஜோன் தாமதமாக எழுத வந்தவர். ஆனால் அவருடைய எழுத்துக்குத்தான் இப்போது மதிப்பு. மூத்த பையன் வால்டுக்குப் பதினாறு வயது, இளையவன் பிராங்க்குக்குப் பன்னிரண்டு. ஒரு நாள் பையன்கள் இருவரையும் உட்கார வைத்து, பிரியப் போகிறோம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். சின்னவன் அழுகிறான். அந்த அழுகை முழுதாக அடங்குவதற்குள் அட்டவணை வந்துவிடுகிறது. எந்தெந்த நாள் அப்பா வீடு, எந்தெந்த நாள் அம்மா வீடு என்று மும்மூன்றாகப் பிரித்தாயிற்று. மிச்சம் வியாழக்கிழமை. அதை ஒரு வாரம் அவருக்கு, மறு வாரம் இவருக்கு என்று வைத்துக்கொண்டார்கள். கணக்கு நேராகிவிட்டது.

அப்போதுதான் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு கேள்வி வருகிறது. பூனை? அதைப் பற்றிப் பெரியவர்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை!

இந்த இடத்தில் யாரும் சிரித்துவிடுவார்கள். ஆனால் இந்த வியாழக்கிழமைக்குப் பின்னால் கிட்டத்தட்ட 200 வருட வரலாறு இருக்கிறது. நூறு வருடம் முன்னால் அதே புரூக்ளினில் ஒரு தம்பதி பிரிய நினைத்திருந்தால் அட்டவணை என்ற பேச்சே வந்திருக்காது. "யார் குற்றவாளி?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி எப்படி "ஆளுக்கு எத்தனை நாள்?" என்று மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். எழுதி இயக்கியவர் நோவா பாம்பாக். 1969ல் பிறந்தவர். அவருடைய அப்பா ஜோனதன் பாம்பாக் நாவலாசிரியர், புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பெரிய பதிப்பகங்கள் தொடாத புதுவகை நாவல்களை எழுத்தாளர்களே சேர்ந்து போடுவதற்காக 1970களில் ஆரம்பித்த "பிக்ஷன் கலெக்டிவ்" அமைப்பில் முக்கியமானவர். அம்மா ஜார்ஜியா பிரவுன், "வில்லேஜ் வாய்ஸ்" பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர். நோவாவின் பதின்ம வயதில் இருவரும் பிரிந்தார்கள். ஆக, படம் யாருடைய வீட்டுக் கதை என்று தேடவே வேண்டாம். (அப்பாவாக நடித்த ஜெஃப் டேனியல்ஸ் அணிந்திருக்கும் உடைகளில் சில, நிஜ அப்பாவிடமிருந்து வாங்கியவையாம்!)

பணம் கிடைக்கப் பல வருடம் ஆனது. கடைசியில் சுமார் 15 லட்சம் டாலர் பட்ஜெட்டில், பெரிய 35 எம்.எம். கேமரா இல்லாமல் சூப்பர் 16 பிலிமில், 23 நாளில் எடுத்து முடித்தார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவர் வெஸ் ஆண்டர்சன். படம் 81 நிமிடம்தான். 2005 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் பரிசு வாங்கியது. பிறகு ஆஸ்கருக்கு, அசல் திரைக்கதைப் பிரிவில் பரிந்துரை. உலக வசூல் சுமார் 1.1 கோடி டாலர். போட்ட முதலோடு ஒப்பிட்டால் நல்ல லாபம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விவாகரத்துப் படம் என்று பேர், ஆனால் 81 நிமிடத்தில் ஒரு நீதிமன்றக் காட்சி கூட இல்லை. நீதிபதி இல்லை, கூண்டு இல்லை, வக்கீல்களின் வாதம் இல்லை. இது பணம் மிச்சப்படுத்தச் செய்த வேலை அல்ல. 1986 நியூயார்க்கில் பெரும்பாலான விவாகரத்துகள் வீட்டுக்குள், ஒப்பந்தத் தாளில்தான் நடந்தன. அதற்குக் காரணம் தெரிய 1787க்குப் போக வேண்டும்.

அந்த வருடம்தான் நியூயார்க் மாநிலம் தன் முதல் விவாகரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் விவாகரத்து: கணவனோ மனைவியோ வேறு ஒருவருடன் தகாத உறவு வைத்திருக்க வேண்டும். அடி, உதை, குடி, ஓடிப்போவது, எதுவும் போதாது. கொடுமை தாங்கவில்லை என்றால் தனியாக வாழ அனுமதி கிடைக்கலாம், ஆனால் திருமணம் முறியாது, மறுமணம் செய்ய முடியாது. இந்த ஏற்பாடு எத்தனை வருடம் ஓடியது தெரியுமா? 1966 வரை. 179 வருடம்! உள்நாட்டுப் போர் வந்து போனது, அடிமை முறை ஒழிந்தது, பெண்களுக்கு ஓட்டு வந்தது, இரண்டு உலகப் போர் முடிந்தது. இது மட்டும் அசையவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணவன் மேல் மனைவி வழக்குப் போட்டு, மனைவியும் அதே தவறைச் செய்தவர் என்று தெரிந்துவிட்டால் வழக்கு தோற்றுவிடும். அதாவது ஒருவர் தவறு செய்தால் பிரியலாம், இருவரும் தவறு செய்தால் சேர்ந்தே வாழ வேண்டும்! சட்டத்தின் கண்ணில் விவாகரத்து என்பது நிரபராதிக்குக் கொடுக்கும் நிவாரணம். இருவரும் குற்றவாளி என்றால் நிவாரணம் யாருக்கு என்பது வாதம். தர்க்கம் சரிதான், ஆனால் அந்த வீட்டுக்குள் இருப்பவர்களின் கதி?

சட்டம் கதவைச் சாத்தினால் மக்கள் ஜன்னலைத் தேடுவார்கள். நியூயார்க்காரர்கள் மூன்று ஜன்னல் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது நாடகம். இருவரும் பேசி வைத்துக்கொள்வார்கள். கணவன் ஓட்டலில் அறை எடுப்பார். கூலிக்கு ஒரு பெண் வந்து அரைகுறை உடையில் உட்கார்ந்திருப்பார். சொல்லி வைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு புகைப்படக்காரரோடு சாட்சிகள் நுழைவார்கள். அந்தப் படம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதிக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், எல்லோரும் தெரியாதது போல் இருப்பார்கள். 1934ல் "நியூயார்க் சண்டே மிரர்" பத்திரிகையில், நூறு விவாகரத்துகளில் அடையாளம் தெரியாத பொன்னிறக் கூந்தல்காரியாக நடித்தவர் என்ற பேரில் ஒரு பெண்ணின் அனுபவத் தொடரே வந்தது. அதே வருடம் பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்சும் ஆடிய "தி கே டிவோர்சி" படம் இந்தக் கூலிக் காதலன் ஏற்பாட்டை வைத்தே சிரிக்க வைத்தது. அந்தக் கதை நடப்பது இங்கிலாந்தில். இந்த நாடகம் அங்கேயும் உண்டு.

இரண்டாவது ஜன்னல் நெவாடா மாநிலத்தின் ரெனோ நகரம். அங்கே குறிப்பிட்ட காலம் தங்கினால் அந்த ஊர்வாசி, ஊர்வாசியானால் அந்த ஊர்ச் சட்டப்படி சுலபமாக விவாகரத்து. 1931ல் அந்தக் காலத்தை ஆறே வாரமாகக் குறைத்தார்கள். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் நெவாடாவுக்கு வருமானம் வேண்டியிருந்தது என்பதே நேரான காரணம். அதே வருடம்தான் சூதாட்டத்தையும் சட்டபூர்வமாக்கினார்கள். விவாகரத்துக்கு வருகிறவர்களுக்காக ஓட்டல்கள், பண்ணை விடுதிகள், வக்கீல் அலுவலகங்கள் என்று ஒரு தொழிலே வளர்ந்தது. தேவை ஓர் ஊரில், தடையும் அதே ஊரில், சரக்கு மட்டும் பக்கத்து மாநிலத்தில் என்றால் வியாபாரம் நடக்காமல் இருக்குமா? நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1956ல் முதல் மனைவியைப் பிரிய நெவாடாவில் வந்து தங்கினார். அங்கே பார்த்த மனிதர்களை வைத்துத்தான் பின்னர் "தி மிஸ்பிட்ஸ்" எழுதினார். அவருடைய இரண்டாவது மனைவி மர்லின் மன்றோ, அந்தப் படத்தில் ரெனோவுக்கு விவாகரத்து வாங்க வந்த பெண்ணாக நடித்தார்.

மூன்றாவது மெக்சிகோ. எல்லையோர ஊரான ஜுவாரஸில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மன்றோ 1961 ஜனவரியில் மில்லரைப் பிரிந்தது அங்கேதான்.

ரெயில் டிக்கெட்டும் ஆறு வார விடுதிச் செலவும் கட்ட முடிந்தவர்களுக்கு இந்த ஜன்னல்கள். முடியாதவர்களுக்கு? சத்தமில்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுவதுதான். அதற்கு ஏழைகளின் விவாகரத்து என்று பேர். சட்டம் ஒன்றுதான், விலை வேறு வேறு.

கடைசியில் 1966ல் நியூயார்க் சட்டம் திருத்தப்பட்டது. கையெழுத்துப் போட்ட கவர்னர் நெல்சன் ராக்பெல்லர். அவருடைய சொந்த மணவாழ்க்கை 1962ல் முறிந்தது, அதுவும் அவர் மனைவி ரெனோவுக்குப் போய் வாங்கிய விவாகரத்தில்! தன் மாநிலச் சட்டம் எவ்வளவு பயனற்றது என்று ராக்பெல்லருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

புதுச் சட்டத்தில் கொடுமை, கைவிட்டுப் போதல், சிறை போன்ற காரணங்கள் சேர்ந்தன. அதோடு அமைதியாக ஒரு பிரிவும் நுழைந்தது. கணவனும் மனைவியும் எழுத்தில் ஒரு பிரிவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு குறிப்பிட்ட காலம் தனித்தனியே வாழ்ந்தால், அதை விவாகரத்தாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் அந்தக் காலம் 2 வருடம், சில வருடங்களில் அதை 1 வருடமாகக் குறைத்தார்கள்.

1969ல் கலிபோர்னியா ஒரேயடியாகத் தாண்டிவிட்டது. குற்றம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, சமரசம் செய்ய முடியாத வேறுபாடு என்று சொன்னால் போதும் என்றது. 1970 ஜனவரி 1 முதல் அமல். கையெழுத்துப் போட்டவர் ரொனால்ட் ரீகன். அவரும் விவாகரத்தானவர். நடிகை ஜேன் வைமன் அவர் மேல் மனக்கொடுமை என்று சொல்லி வாங்கிய விவாகரத்து 1949ல் முடிவானது. ராக்பெல்லர், ரீகன், இரண்டு பேருமே குடியரசுக் கட்சிக்காரர்கள். அடுத்த 15 வருடத்தில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் கலிபோர்னியா பின்னால் போயின. அமெரிக்காவில் 1960ல் 3.93 லட்சம் விவாகரத்து, 1970ல் 7.08 லட்சம், 1981ல் 12.13 லட்சம். ஆயிரம் பேருக்கு 2.2 ஆக இருந்தது 5.3 ஆனது. அதுதான் உச்சம், பிறகு இறங்க ஆரம்பித்தது. சட்டம் மாறியதால் குடும்பம் உடைந்ததா, உடைந்த குடும்பங்கள் சட்டத்தை மாற்றினவா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியா சட்டம் வருவதற்கு முன்பே எண்ணிக்கை ஏற ஆரம்பித்துவிட்டது என்பதை மட்டும் இந்த எண்களே சொல்லிவிடும்.

நியூயார்க் மட்டும் பின்னால் போகவில்லை. 1986ல் பெர்னார்டும் ஜோனும் பிரியும்போது அங்கே இரண்டே வழிதான். ஒன்று, நீதிமன்றத்தில் மற்றவர் குற்றத்தை நிரூபிப்பது. அல்லது உட்கார்ந்து பேசி, யாருக்கு வீடு, யாருக்கு எவ்வளவு பணம், பிள்ளைகள் எந்த நாள் எங்கே என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு வருடம் தனியே வாழ்வது. சண்டையைத் தவிர்க்க நினைத்தவர்களுக்கு அட்டவணையைத் தவிர வேறு பாதை கிடையாது. அந்த வியாழக்கிழமை அங்கிருந்துதான் வருகிறது.

பிள்ளைகள் பக்கம் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பிள்ளை மேல் உரிமை அப்பாவுக்குத்தான். பிறகு "சிறு வயதில் குழந்தை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும்" என்ற கருத்து நீதிமன்றங்களில் வேரூன்றியது. 1970களில் அதுவும் ஆட்டம் கண்டது. ஆண், பெண் இருவரையும் சட்டம் சமமாகப் பார்க்க வேண்டுமென்றால் அப்பாவை மட்டும் எப்படி ஒதுக்குவது என்ற கேள்வி எழுந்தது. 1979ல் வந்த "கிராமர் வெர்சஸ் கிராமர்" இந்தச் சண்டையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அதில் நீதிமன்றம் குழந்தையை அம்மாவுக்கே கொடுக்கிறது. யாராவது ஒருவர்தான் ஜெயிக்க முடியும் என்பது அந்தப் படத்தின் உலகம். பாதிப் பாதி என்ற யோசனையே அங்கே இல்லை.

ஆனால் அந்த யோசனை அப்போது வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவில் கூட்டுப் பொறுப்புச் சட்டம் 1980ல் அமலுக்கு வந்தது, மற்ற மாநிலங்கள் வரிசை கட்டின. நிபுணர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஆனா பிராய்ட், ஆல்பர்ட் சோல்நிட் மூவரும் 1973ல் எழுதிய ஒரு பிரபலமான புத்தகம், குழந்தைக்குத் தேவை உறுதியான ஒரே ஒரு வீடுதான் என்று வாதாடியது. 1980ல் வாலர்ஸ்டைன், கெல்லி என்ற இரு பெண் ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் விவாகரத்தான 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய புத்தகம், அப்பாவோடும் தொடர்பு அறுந்துபோகாத பிள்ளைகள் மேல் என்றது. (வசதியான ஒரு வட்டாரத்தின் 60 குடும்பங்களை வைத்து நாடு முழுவதற்கும் முடிவு சொல்லலாமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.)

நியூயார்க்கின் உச்ச அமர்வு இதில் எச்சரிக்கையாகவே இருந்தது. 1978ல் பிரைமன் வழக்கில், கூட்டுப் பொறுப்பு என்பது ஓரளவு நிதானமாகவும் சுமுகமாகவும் நடந்துகொள்ளும் பெற்றோர் தாங்களாக விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டியது, முட்டி மோதிக்கொள்கிறவர்கள் மேல் அதைத் திணித்தால் குழப்பம்தான் கூடும் என்றது. பெர்னார்டும் ஜோனும் அதைத் தாங்களாக விரும்பித்தான் எடுத்துக்கொண்டார்கள். நிதானமும் சுமுகமும் இருந்ததா என்பதுதான் மீதிப் படம்.

இனி பணம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். 1980 வரை நியூயார்க்கில் சொத்து யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே. வீடு கணவன் பேரில் இருந்தால், இருபது வருடம் குடும்பம் நடத்திய மனைவிக்கு அதில் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும். 1980ல் வந்த சட்டம் திருமணத்தைக் கிட்டத்தட்ட ஒரு கூட்டாண்மை போலப் பார்த்தது. கலைக்கும்போது நியாயமான பங்கீடு வேண்டும் என்றது.

அப்படியானால் எது சொத்து? கூட்டாண்மைக் கலைப்புக் கணக்கில் எல்லோரையும் படுத்தி எடுக்கும் ஓர் இனம் உண்டு, நற்பெயர். கையால் தொட முடியாது, ஆனால் மதிப்புப் போட்டாக வேண்டும். 1985 டிசம்பரில் ஓ'பிரையன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இதே சிக்கலில் இறங்கியது. மனைவி ஆசிரியை, அவர் சம்பளத்தில் கணவன் மருத்துவம் படித்தார். டாக்டர் லைசென்ஸ் கிடைத்த இரண்டே மாதத்தில் விவாகரத்து கேட்டார்! பிரிக்க வேறு சொத்து இல்லை. அந்த லைசென்ஸே சொத்துதான் என்றது நீதிமன்றம். அதன் இன்றைய மதிப்பு 4,72,000 டாலர் என்று கணக்கிட்டு, அதில் 40 சதவீதம், அதாவது 1,88,800 டாலரை 11 வருடத் தவணையில் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்த கீழ்க்கோர்ட்டின் கணக்கை ஏற்றுக்கொண்டது.

அதோடு நிற்கவில்லை. 1991ல் ஓபரா பாடகி பிரெடெரிக்கா வான் ஸ்டேட் வழக்கில், அவருக்குப் பாடலில் பயிற்சி கொடுத்த கணவன் அந்தப் புகழின் வளர்ச்சியிலும் பங்கு கேட்டார். கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. புகழைக்கூட வகுக்கலாம்! இப்படி டிகிரி, லைசென்ஸ், புகழ் என்று விலை போடுவதை நியூயார்க் 2015ல் சட்டம் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. அமெரிக்காவில் வேறு மாநிலங்கள் பெரும்பாலும் இந்த வழிக்கே வரவில்லை.

இதை மனதில் வைத்துப் படத்தைப் பார்த்தால் பெர்னார்டின் எரிச்சல் வேறு மாதிரித் தெரியும். அவருடைய கணக்கில் எழுத்தாளர் என்ற பட்டம் அந்த வீட்டில் அவருக்கு உரியது. ஜோனின் எழுத்து வெளியே பேர் வாங்க வாங்க, அது தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போலவே அவர் நடந்துகொள்கிறார். பிராஸ்பெக்ட் பார்க்கின் மறுபக்கம் ஒரு பாழடைந்த வீட்டுக்குக் குடிபோகிறார். சின்னவனுக்கு ஒரு மேசை வாங்கி வைக்கிறார், அது இடதுகைக்காரர்களுக்கான மேசை. பிராங்க் வலதுகைக்காரன். பையனுக்கு எந்தக் கை என்று கூடத் தெரியாத அப்பா, நாள் கணக்கில் மட்டும் அரை நாள் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பெரியவர்கள் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? படத்தின் வலுவான பகுதி இதுதான். பிள்ளைகள் 1980ன் சட்டத்தில் வாழவில்லை, 1787ன் சட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது குற்றவாளி. படம் ஆரம்பிப்பதே இரட்டையர் டென்னிஸ் ஆட்டத்தில்தான். ஒரு பக்கம் அப்பாவும் வால்டும், எதிர்ப்பக்கம் அம்மாவும் பிராங்க்கும். பிரிவு வருவதற்கு முன்பே கட்சி பிரிந்தாயிற்று. அம்மாவுக்கு வேறு ஒருவரோடு உறவு இருந்தது தெரிந்ததும் வால்ட் வழக்கை முடித்துவிடுகிறான். அம்மா குற்றவாளி, அப்பா நிரபராதி, தான் அப்பா பக்கம். பழைய நியூயார்க் நீதிபதி போலவே. பின்னால் அப்பா தன்னிடம் படிக்கும் மாணவியை வீட்டில் குடிவைத்து அவள் பின்னால் போகிறார். பழைய சட்டப்படி வழக்கே தள்ளுபடி ஆகியிருக்கும். வால்டுக்கு அதைச் சேர்த்துக் கணக்குப் போட வெகு நேரம் ஆகிறது.

அப்பா பக்கம் நிற்பது என்றால் அப்பாவாகவே மாறுவது என்று அவன் நினைக்கிறான். அப்பா ஒரு நாவலை மட்டம் என்றால் அவனும் படிக்காமலே மட்டம் என்கிறான். காஃப்காவின் கதையைப் பற்றி ஒரு பெண்ணிடம் பெருமையாக அது காஃப்காத்தனமாக இருக்கிறது என்று சொல்லி வைக்கிறான். எழுதியது காஃப்காதானே, வேறு எப்படி இருக்கும்! பள்ளி நிகழ்ச்சியில் பிங்க் பிளாய்டின் பாட்டைத் தான் எழுதியது என்று சொல்லிப் பாடிப் பரிசும் வாங்கி, பிறகு மாட்டிக்கொள்கிறான். சொந்தமாக ஒன்றும் இல்லாதவன் கடன் வாங்கிய சரக்கை வைத்துக் கடை போட்ட கதை. பிராங்க் இன்னும் மோசம். அவன் பீர் குடிக்கப் பழகுகிறான், பள்ளியில் அருவருப்பான காரியங்கள் செய்கிறான். இத்தனை துல்லியமான அட்டவணை இருந்தும் ஒரு சமயம் அவன் வீட்டில் தனியே விடப்படுகிறான்.

மாட்டிக்கொண்ட வால்டைப் பள்ளி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறது. நல்ல நினைவு ஏதாவது சொல் என்று அவர் கேட்கிறார். யோசித்து யோசித்துக் கடைசியில் வருவது, சின்ன வயதில் அம்மாவோடு அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. மன்ஹாட்டனில் உள்ள அந்த இடத்தில், கடல் உயிர்கள் கூடத்தின் இருட்டில், ஒரு ராட்சதக் கணவாயும் எண்ணெய்த் திமிங்கலமும் கட்டிப்பிடித்துச் சண்டை போடும் பெரிய மாதிரி இருக்கிறது. அவனுக்குப் பயம், விரல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பான். வீட்டுக்கு வந்த பின் அம்மா அதை விவரித்துச் சொல்லும்போது பயம் போய்விடும். அந்த நினைவில் அப்பா இல்லை. சொல்லும்போதுதான் அவனுக்கே அது உறைக்கிறது. தீர்ப்பு எழுதி முடித்த வழக்கில் புதுச் சாட்சி வந்துவிட்டது.

படத்தின் முடிவில் வால்ட் அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறான். இந்த முறை விரல் இடுக்கு இல்லை, நேராக நின்று பார்க்கிறான். யார் ஜெயிக்கிறார்கள் என்று அந்தப் பொம்மைகள் சொல்வதில்லை. கணவாய் திமிங்கலத்தைப் பிடித்திருக்கிறதா, திமிங்கலம் கணவாயைக் கடித்திருக்கிறதா என்று பிரிக்க முடியாதபடிதான் அவற்றைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

பாம்பாக் 2019ல் "மேரேஜ் ஸ்டோரி" என்ற படத்தில் மறுபடி இதே விஷயத்துக்கு வந்தார். அதில் வக்கீல்கள், நீதிமன்றம், மணிக்கணக்கில் கட்டணம் எல்லாம் உண்டு, நடிப்புக்கு ஆஸ்கரும் உண்டு. நல்ல படம்தான். ஆனால் பெரியவர்களின் பக்கத்திலிருந்து சொன்ன படம். பிள்ளையின் உயரத்தில் கேமரா வைத்தது 2005ல் எடுத்த சின்னப் படம்தான்.

நியூயார்க் சட்டம் கடைசியில் 2010ல் பணிந்தது. அந்த ஆகஸ்டில் கவர்னர் டேவிட் பேட்டர்சன் கையெழுத்துப் போட, அக்டோபர் முதல் யார் மேலும் குற்றம் சொல்லாமல் பிரியலாம் என்றானது. 50 மாநிலங்களில் கடைசி மாநிலம்!

அந்தப் பூனை? படத்தில் அதுவும் அட்டவணைப்படி இரண்டு வீட்டுக்கும் போய் வருகிறது. கடைசியில் ஒரு நாள் வாசல் கதவு திறந்திருந்தபோது தெருவுக்கு ஓடிவிடுகிறது. அதைத் துரத்தப் போய்த்தான் பெர்னார்ட் நடுரோட்டில் விழுகிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிறார். 1986ன் சட்டத்தில் பூனை என்பது நாற்காலி, மேசை போல ஒரு பொருள், அவ்வளவுதான். 2021 அக்டோபரில் நியூயார்க் அதையும் மாற்றியது. விவாகரத்தில் வளர்ப்புப் பிராணியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, அந்தப் பிராணிக்கு எது நல்லது என்பதையும் நீதிபதி பார்க்க வேண்டுமாம்.